வாசகர் கேள்வி – பதில்: கெப் வாகனத்துக்கு விஞ்ச் பூட்டுதல்

சென்ற இதழில், மாரி மழையில் வயற்பாதையில் புதைந்த வாகனத்தை உழவு இயந்திரத்தால் இழுத்தெடுப்பது பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். இழுக்க வந்த உழவு இயந்திரமும் சேர்ந்து புதைந்தால் என்ன செய்வது என்று கேட்டுத் தொடங்கிய கடிதங்கள், கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் விஞ்ச் ஒன்றை வாகனத்திலேயே பூட்டிக்கொள்ளலாமா என்ற கேள்வியில் வந்து நின்றன. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு உன்னிச்சைப் பக்கத்தில் வயல் உண்டு. டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் வைத்திருக்கிறேன். பெரும்போகத்தில் உரம் கொண்டுபோகும் நாட்களில் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கினால் வாகனம் அச்சுவரை சேற்றில் தாழ்ந்துவிடுகிறது. பொழுதுபட்டால் யானைப் பயம், ஆளைக் கூப்பிட்டு வரவழைக்கவும் நேரமில்லை. ஒருவர் 9,500 இறாத்தல் மின்சார விஞ்ச் ஒன்றை விற்பதற்கு வைத்திருக்கிறார். அது போதுமா? பூட்டித் தருவதாகச் சொல்லும் கராஜ்காரர், இருக்கிற பற்றரியே போதும், பம்பரில் மறை (நெகட்டிவ்) வயரைக் கொடுத்தால் சரி என்கிறார். நம்பலாமா? (வவுணதீவு வாசகர்)

பதில்: விஞ்ச் போதும், சற்றுக் கணக்குப் பார்த்துப் பாவித்தால். கராஜ்காரர் சொன்ன இரண்டில் முதலாவது அரைகுறை உண்மை, இரண்டாவது பிழை.

முதலில் அந்த 9,500 இறாத்தலைப் பார்ப்போம். அது ஏறத்தாழ 4,300 கிலோகிராம். ஆனால் கயிற்றில் பெரும்பகுதி வெளியே போய், உருளையோடு ஒட்டிய முதல் அடுக்கு மட்டும் எஞ்சியிருக்கும்போதுதான் அந்தப் பலம் கிடைக்கும். மோட்டாரும் கியரும் உருளைக்குக் கொடுக்கும் முறுக்குவிசை மாறாமல் இருக்க, கயிறு அடுக்கடுக்காகச் சுற்றச் சுற்ற உருளை பருத்துக்கொண்டே போவதால், ஒவ்வோர் அடுக்கிலும் இழுவை ஏறத்தாழப் பத்திலொரு பங்கோ அதற்குச் சற்று மேலோ குறைந்துவிடுகிறது. பத்து மீற்றர் தூரத்திலுள்ள மரத்தில் கட்டி, உருளை நிறையக் கயிறு இருக்கும் நிலையில் இழுப்பவர், தான் விலை கொடுத்து வாங்கிய பலத்தில் மூன்றிலொரு பங்கை உருளையிலேயே விட்டுவிட்டு இழுக்கிறார்.

வாகனத்தின் முழுச்சுமை எடையைப்போல ஒன்றரை மடங்கு பலமுள்ள விஞ்ச் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் வாகனம் உர மூட்டைகளோடு ஏறத்தாழ 3 தொன் வரும். ஒன்றரை மடங்கு என்றால் 4.5 தொன், அதாவது 10,000 இறாத்தலுக்கு அருகில். சேற்றுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சக்கரத்தின் நடுக்குடம் வரை புதைந்த வாகனத்தை அசைக்க, அதன் எடைக்குச் சமமான இழுவை தேவைப்படும். சக்கரத்தை மூடியிருக்கும் தகடு வரை புதைந்தால் அது எடையின் இரு மடங்காகும். நீங்கள் எழுதியபடி அச்சுவரை தாழ்ந்தால் 3 தொன் இழுவை வேண்டும், 9,500 இறாத்தல் விஞ்ச் அதைத் தாங்கும். அதற்கு மேல் தாழ்ந்தால் நேர்க்கயிற்றில் இழுக்க முயலாதீர்கள், கப்பி போடுங்கள்.

பக்கத் தகடு திறக்கும் இரும்புக் கப்பி ஒன்றை மரத்தில் கட்டி, கயிற்றை அதன் வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து வாகனத்தின் செசியிலுள்ள இழுவைக் கொக்கியில் மாட்டினால், வேகம் பாதியாகும், இழுவை ஏறத்தாழ இரு மடங்காகும். இது பலருக்கும் தெரிந்த பயன். பலரும் கவனிக்காத பயன்கள் இரண்டு உண்டு. கயிறு இரு மடங்கு நீளம் வெளியே போவதால் உருளையில் அடுக்குகள் குறைகின்றன. மோட்டாரின் சுமை பாதியாவதால் அது பற்றரியிலிருந்து எடுக்கும் மின்னோட்டமும் வெகுவாகக் குறைகிறது. விஞ்சுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கப்பிக்கு ஒதுக்காதவர் அந்த விஞ்சைப் பாதிதான் வாங்கியிருக்கிறார் என்பது என் எண்ணம்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். விஞ்சின் பலத்தைக் கேட்பவர்கள் பலர், அது எடுக்கும் மின்னோட்டத்தைக் கேட்பவர்கள் சிலரே. இந்த அளவுள்ள 12 வோல்ட் விஞ்ச், வெறுங்கயிற்றைச் சுற்றும்போதே 60 முதல் 80 அம்பியர் வரை எடுக்கும். முழுச்சுமையில் 400 அம்பியர் அளவுக்குப் போகும். டீசல் எஞ்சினின் ஸ்டார்ட்டர் மோட்டாரும் சில நூறு அம்பியர் எடுப்பது உண்மைதான், ஆனால் அது இரண்டு மூன்று செக்கன்களில் வேலையை முடித்துவிடுகிறது. விஞ்ச் அதே மின்னோட்டத்தை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் தொடர்ந்து கேட்கிறது. ஸ்டார்ட்டருக்குப் போதுமானது விஞ்சுக்கும் போதும் என்பவர்கள் இந்த நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

கணக்கை எழுத்தில் போட்டுப் பார்க்கலாம். 300 அம்பியர் ஒரு நிமிடம் ஓடினால் பற்றரியிலிருந்து 5 அம்பியர்-மணி போய்விடும். நான்கு நிமிடம் இழுத்தால் 20. எஞ்சின் ஓடும்போது பற்றரியை ஏற்றும் ஓல்டனேட்டரில் 80 அம்பியர் என்று எழுதியிருந்தாலும், எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதில் பாதியளவே கிடைக்கும். 40 அம்பியர் என்று வைத்துக்கொண்டால், அந்த நான்கு நிமிடத்தில் அது திருப்பிக் கொடுப்பது 3 அம்பியர்-மணிகூட இல்லை. மிச்சம் 17-ஐயும் பற்றரிதான் கொடுக்கிறது. 70 அம்பியர்-மணி என்று மேலே அச்சிட்ட பற்றரி, இருபது மணிநேரம் மெதுவாக எடுத்தால்தான் அந்த 70-ஐத் தரும். நூற்றுக்கணக்கான அம்பியரில் உறிஞ்சினால் அதில் பெரும்பங்கு கைக்கு வராது. ஆகவே நல்ல நிலையிலுள்ள பற்றரி இரண்டு மூன்று இழுவைகளுக்குத் தாங்கும். பழையது முதலாவது இழுவையிலேயே படுத்துவிடும், அதன்பின் வாகனத்தை ஸ்டார்ட் செய்யவும் மின்சாரம் இராது. யானை வரும் நேரத்தில் அது வேண்டாம்.

எனவே உங்கள் பற்றரி இரண்டு வருடத்துக்கு மேற்பட்டதாயின் முதலில் அதைச் சோதிப்பியுங்கள். புதிதாக வாங்குவதாயின், குளிர்நிலை ஸ்டார்ட் அம்பியர் என்று பற்றரியில் குறிக்கும் எண் 650-க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள், பற்றரித் தட்டில் இடமிருந்தால் அதற்கு மேலும் போகலாம். விஞ்சைப் பாவிக்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வாகனம் நியூட்ரலில் நிற்க, உள்ளே ஒருவர் இருந்து எஞ்சின் வேகத்தை நிமிடத்துக்கு 1,500 சுற்று அளவில் பிடித்துக்கொள்வது நல்லது. ஒரு நிமிடம் இழுத்துவிட்டுச் சில நிமிடங்கள் விடுங்கள். அந்த இடைவெளி பற்றரிக்கு மட்டுமல்ல, மோட்டாருக்கும் வேண்டும். விஞ்ச் மோட்டார் மூடிய இரும்புக் குழாய்க்குள் காற்றோட்டமின்றி இருப்பது, அதன் சூடு வெளியேற வழி கிடையாது. கையை வைத்துப் பார்த்துச் சுட்டால் நிறுத்துங்கள்.

பற்றரி தளர்ந்தால் விஞ்ச் மெதுவாக இழுக்கும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. அவ்வளவோடு நிற்பதில்லை. ஒரே சுமையை இழுக்க மோட்டாருக்கு ஒரே மின்னோட்டம்தான் வேண்டும். வோல்ட் விழுந்தால் வேகம் மட்டும் விழுகிறது, அதே தூரத்துக்கு அந்த 300 அம்பியர் கூடுதலான நேரம் ஓடுகிறது, பற்றரி இன்னும் விரைவாக வடிகிறது. இதற்கிடையில் விஞ்சுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சொலினொயிட், தன்னைப் பிடித்துவைக்கப் போதிய வோல்ட் இல்லாமல் படபடவென்று அடிக்கத் தொடங்கும். ஒவ்வோர் அடியிலும் அதன் செப்புத் தொடுமுனைகளுக்கிடையே தீப்பொறி பறந்து, கடைசியில் அவை ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். பின்னர் கையிலுள்ள பொத்தானை விட்டாலும் விஞ்ச் நிற்காது. என் சொந்த ஜீப்பில் ஒருமுறை இது நடந்தது. கொக்கி வந்து, கயிறு வெளியே வரும் வாயிலுள்ள சிற்றுருளைகளில் அடித்து, பம்பரை வளைக்கத் தொடங்கிய பிறகுதான் பற்றரி முனையைக் குறடால் கழற்றி எறிய முடிந்தது. அப்போது அதில் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கவில்லை. நானே பூட்டிய விஞ்ச் அது.

அந்தச் சுவிட்சைப் பற்றரியின் நேர் முனைக்குப் பக்கத்தில், எட்டித் திருப்பக்கூடிய இடத்தில், தொடர்ந்து 300 அம்பியராவது தாங்கும் தரத்தில் பூட்டச் சொல்லுங்கள். விஞ்ச் ஒட்டிக்கொண்டால் நிறுத்துவதற்கு மட்டுமல்ல அது. பற்றரியிலிருந்து பம்பர் வரை பியூஸ் இல்லாமல் போகும் தடித்த வயர் ஒன்று எந்நேரமும் மின்சாரத்தோடு இருக்கிறது. முன்பக்கம் மோதி அந்த வயர் நசிந்தால் வாகனம் தீப்பிடிக்கும். விஞ்ச் பாவிக்காத நாட்களில் சுவிட்ச் துண்டித்தபடியே இருக்கட்டும்.

வயரைப் பற்றிச் சொல்கிறேன். விஞ்சோடு பெட்டியில் வரும் வயர் பெரும்பாலும் 35 சதுர மில்லிமீற்றர் அளவில், முன்பம்பரிலிருந்து பற்றரிவரை எட்டக்கூடிய நீளத்தில் இருக்கும். செப்பு வயர் அந்தத் தடிப்பில் ஒரு மீற்றருக்கு ஓமின் இரண்டாயிரத்திலொரு பங்கு தடை கொண்டது. போக 2 மீற்றர், வர 2 மீற்றர் என்றால் 400 அம்பியரில் 0.8 வோல்ட் வயரிலேயே விழும். அது ஏற்கத்தக்கது. ஆனால் இது முனைகள் சரியாக இருந்தால் மட்டும். முனைத் தகட்டைச் சுத்தியலால் அடித்து நெரித்தோ, துருப்பிடித்த போல்ட்டில் மாட்டியோ ஓமின் ஆயிரத்திலொரு பங்கு தடையை மேலதிகமாகச் சேர்த்தால், அந்த ஒரு முனையில் 160 வாட் சூடு பிறக்கும். ஒரு சாலிடரிங் இரும்பின் சூட்டுக்கு மேல் அது. முனைகளை ஹைட்ரோலிக் நெருக்கியால் நெருக்கி, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடச் சொல்லுங்கள். கடையில் வயர் வாங்குவதாயின் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம், அதே தடிப்பில் ஒன்றரை மடங்குக்கு மேல் தடை உள்ளது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள்.

இனி அந்த மறை வயர். பம்பரில் கொடுத்தால், 400 அம்பியரும் பம்பர் போல்ட்டுகள், வர்ணம் பூசிய செசி, எஞ்சினையும் செசியையும் இணைக்கும் மெல்லிய வயர் என்று கிடைத்த வழியெல்லாம் தேடிப் பற்றரிக்குத் திரும்ப வேண்டும். அந்த வயர்கள் ஸ்டார்ட்டருக்காகவும் விளக்குகளுக்காகவும் அளந்தவை. ஒன்று உருகினால் மின்னோட்டம் கியர்ப்பெட்டியின் போல் பெயாரிங்குகள் வழியாகவும் இரும்புக் கேபிள்கள் வழியாகவும் போகும், அவற்றைப் பொசுக்கும். நேர் வயர் எந்தத் தடிப்போ அதே தடிப்பில் மறை வயரும் நேரே பற்றரிக்குப் போக வேண்டும் என்று வற்புறுத்துங்கள். ஒரேயொரு விலக்கு: புதிய வாகனங்கள் சிலவற்றில் மறை முனையிலேயே பற்றரியின் நிலையை அளக்கும் சிறு உணரி ஒன்று இருக்கும். அப்படியிருந்தால், அந்த உணரியைச் சுற்றிப் போகாதபடி எங்கே இணைப்பது என்பதை வாகனக் கைந்நூலில் பார்த்து இணைக்க வேண்டும்.

பூட்டும் தகடு பம்பரின் மெல்லிய தகட்டில் அல்ல, செசியின் இரு கால்களிலும் போல்ட்டால் பிணைக்கப்பட வேண்டும். விஞ்சும் தகடும் சேர்ந்து 60, 70 கிலோகிராம் முன்னச்சுக்கு மேல் ஏறுவதால், முன் ஸ்பிரிங் தாழ்ந்தால் மாற்ற நேரிடும். ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்கிறதா, காற்றுப்பை உணரிகளைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். பம்பரை மாற்றுவதற்கு முன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் கேட்டுக்கொள்வது பின்னால் வரும் தலையிடியைக் குறைக்கும்.

கேள்வி: ஓல்டனேட்டரை 200 அம்பியருக்கு மாற்றிவிட்டால் பற்றரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்தானே? (செங்கலடி வாசகர்)

பதில்: வேண்டும். 200 அம்பியர் ஓல்டனேட்டரும் எஞ்சின் மெதுவாக ஓடும்போது 200 தராது, தந்தாலும் விஞ்ச் கேட்பதில் பாதிதான். இழுவைக்குப் பின் பற்றரியை விரைவாக நிரப்ப அது உதவும். அந்தப் பணத்துக்கு முதலில் நல்ல பற்றரியும் கப்பியும் வாங்குங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. எனது கணவர் வெல்லாவெளிப் பகுதியில் வேலைத்தளங்களுக்குக் கெப் வாகனத்தில் பொருள் ஏற்றிச் செல்பவர். மாரியில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை விஞ்ச் பாவிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது பற்றரி பூட்டினால் நல்லதா? 140 அம்பியர் தானியங்கி ரிலே ஒன்றைப் பூட்டி இரண்டையும் இணைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். (களுவாஞ்சிகுடி வாசகி)

பதில்: வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை என்றால் இரண்டாவது பற்றரி வீண் செலவல்ல. வவுணதீவு வாசகருக்கு நான் அதைச் சொல்லவில்லை, ஏனென்றால் வருடத்தில் சில நாட்களே அவர் பாவிப்பார். உங்கள் கணவருக்குச் சொல்கிறேன்.

ஆனால் அந்த ரிலேயில்தான் சிக்கல் இருக்கிறது. நீங்கள் குறிப்பிடுவது பற்றரியின் வோல்ட்டைப் பார்த்துத் தானே இணைந்து பிரியும் ரிலே. எஞ்சின் ஓடி முதற்பற்றரி 13.3 வோல்ட் அளவுக்கு ஏறியதும் இரண்டாவதை இணைக்கும், 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரிக்கும். இரவில் விளக்கெரிக்கவோ குளிர்பெட்டி ஓட்டவோ இரண்டாவது பற்றரி வைத்திருப்பவருக்கு அது நல்ல ஏற்பாடு. விஞ்ச் 400 அம்பியரை இழுத்தவுடன் என்ன நடக்கும்? வோல்ட் 12.8-க்குக் கீழே விழும், ரிலே பிரிந்துவிடும், இரண்டாவது பற்றரி வேண்டிய நேரத்தில் விலகிக்கொள்ளும். பிரிவதற்கு முன்னுள்ள அந்தச் சில செக்கன்களிலும் 140 அம்பியருக்கு அளந்த தொடுமுனைகள் வழியாக 200 அம்பியர் அளவில் ஓடும். எப்படிப் பார்த்தாலும் அது விஞ்சுக்கு உரிய பொருளல்ல.

இரண்டு வழிகள் உண்டு. ஒரே வகை, ஒரே அளவு, ஒரே நாளில் வாங்கிய இரண்டு பற்றரிகளை, 500 அம்பியர் தாங்கும் கைச்சுவிட்சோ சொலினொயிட்டோ கொண்டு இணையாகச் சேர்த்து, விஞ்ச் இழுக்கும்போது சாரதியே அதைப் போட்டு இரண்டையும் இணைப்பது ஒன்று. விஞ்சை இரண்டாவது பற்றரிக்கு மட்டுமே கொடுத்து, ஸ்டார்ட் செய்யும் பற்றரியைத் தொடாமல் விடுவது மற்றொன்று. இரண்டாவது வழியில் விஞ்ச் சற்றுத் தளர்ந்தே இழுக்கும், ஆனால் என்ன நடந்தாலும் வாகனம் ஸ்டார்ட் ஆகும். தனியாகப் போய்வருபவராயின் நான் இதையே தெரிவுசெய்வேன். நீர் ஊற்றும் பற்றரியையும் மூடிய வகைப் பற்றரியையும் கலந்து போடாதீர்கள். ஏறும் வோல்ட் இரண்டுக்கும் ஒன்றல்ல, ஒன்று மற்றதைத் தின்றுவிடும்.

கேள்வி: என்னிடம் ஜப்பானிலிருந்து வந்த பழைய டீசல் லேண்ட் குரூசர் ஒன்று உண்டு. இரண்டு பற்றரி, 24 வோல்ட். நண்பர் ஒருவரிடம் 12 வோல்ட் விஞ்ச் சும்மா கிடக்கிறது. ஒரு பற்றரியிலிருந்து மட்டும் வயர் எடுத்தால் 12 வோல்ட் கிடைக்குமே, செய்யலாமா? (பொத்துவில் வாசகர்)

பதில்: கிடைக்கும். சில இழுவைகளுக்கு வேலையும் செய்யும், அதனால்தான் பலர் செய்கிறார்கள். ஆனால் தொடராக இணைந்த இரண்டு பற்றரிகளில் ஒன்றை மட்டும் வடியவிட்டால், ஓல்டனேட்டர் இரண்டையும் ஒன்றாக நினைத்து 28 வோல்ட் ஏற்றும்போது, வடிந்தது நிரம்பாமலும் நிரம்பியது அளவுக்கு மீறிக் கொதித்தும் போகும். சில மாதங்களில் இரண்டையும் வீச வேண்டி வரும். 24-ஐ 12 ஆக்கும் மாற்றிப் பெட்டிகள் ரேடியோவுக்கும் விளக்குக்கும் உரியவை, 400 அம்பியர் தருபவை அல்ல.

அதே விஞ்சுக்கு 24 வோல்ட் மோட்டாரும் சொலினொயிட்டும் தனியே வாங்கக் கிடைத்தால் அவற்றை மட்டும் மாற்றலாம், கியரும் உருளையும் அப்படியே இருக்கும். மாற்றினால் உங்களுக்கு ஓர் அனுகூலமும் உண்டு. அதே பலத்துக்கு 24 வோல்ட் விஞ்ச் ஏறத்தாழப் பாதி மின்னோட்டமே எடுக்கும். வயரில் விழும் வோல்ட் பாதியாகிறது, அதுவும் இரு மடங்கு வோல்ட்டிலிருந்து விழுவதால் விழுக்காட்டில் கால்வாசியாகிறது. ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இரண்டு பற்றரி இருப்பதால் மட்டும் வாகனம் 24 வோல்ட் ஆகாது. சில வாகனங்கள் ஸ்டார்ட் செய்யும் வேளையில் மட்டும் பற்றரிகளைத் தொடராக்கி 24 வோல்ட் எடுத்துவிட்டு, மற்ற நேரம் 12 வோல்ட்டில் ஓடுபவை. எஞ்சின் ஓடும்போது முன்விளக்கின் முனையில் வோல்ட் மீற்றரை வைத்துப் பாருங்கள். 14 காட்டினால் நண்பரின் விஞ்சை அப்படியே வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: கெப் வாகனத்தின் பின்பக்கத்தில் விஞ்ச் பூட்டி, மீன்பிடிப் படகைக் கடலிலிருந்து கரைக்கு ஏற்ற விரும்புகிறோம். தினமும் காலையில் நாலைந்து படகு இருக்கும். வயர் எவ்வளவு தடிப்பில் போட வேண்டும்? (திருக்கோவில் வாசகர்)

பதில்: வயரின் விடையை முதலில் தருகிறேன். முன்னாலுள்ள பற்றரியிலிருந்து பின்பம்பருக்குப் போக 5 மீற்றர், வர 5 மீற்றர். 35 சதுர மில்லிமீற்றர் வயரில் 400 அம்பியர் ஓடினால் 2 வோல்ட் வழியிலேயே தொலையும். சுமையில் ஏற்கெனவே 11 வோல்ட்டுக்கு இறங்கிய பற்றரியில் 9 வோல்ட்தான் விஞ்சுக்கு மிஞ்சும். 70 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு 1 வோல்ட்டாகும். அதற்குக் குறைத்துப் போடாதீர்கள். புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கமாக, செசியின் உட்புறத்தில், துளை வழியாகப் போகும் இடங்களில் றப்பர் வளையம் வைத்துக் கொண்டுபோங்கள்.

ஆனால் இந்த வேலைக்கு மின்சார விஞ்ச் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அது புதைந்த வாகனத்தை எப்போதாவது சில மீற்றர் இழுத்தெடுப்பதற்காக ஆக்கப்பட்டது. கயிறு 25, 28 மீற்றர்தான் இருக்கும், உங்கள் கடற்கரையில் அலைவாயிலிருந்து மேட்டுக்கு அது காணாது. தினமும் நாலைந்து படகென்றால் மோட்டார் சூடாறுவதற்குள் அடுத்த படகு வந்துவிடும். எஞ்சின் பலத்தைப் பொறிமுறையாக எடுக்கும் விஞ்ச், அல்லது ஹைட்ரோலிக் விஞ்ச், நாள் முழுக்க ஓடினாலும் களைக்காது, பற்றரியையும் தொடாது. பழைய லேண்ட் ரோவர்களில் எஞ்சினின் முன்முனையிலிருந்தே சுழலும் நிமிர்ந்த உருளை விஞ்ச் பூட்டியிருந்தார்கள். கயிற்றை அதில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக் கையால் பிடித்தால் போதும், நீளத்துக்கு எல்லையில்லை. அந்த முறையில் ஓர் உழவு இயந்திரத்தின் பின்தண்டில் உருளை பூட்டுவது உங்களுக்குப் பொருந்தும். உப்பு மணலில் கெப் வாகனத்தைத் தினமும் நிறுத்தி வைப்பதைவிட அது மலிவும்கூட. எந்த விஞ்சாக இருந்தாலும் படகுக்கும் விஞ்சுக்கும் இடையில் ஆள் நிற்கக்கூடாது.

கேள்வி: வாங்கி ஒரு வருடமாகப் பாவிக்காத விஞ்ச். சென்ற கிழமை பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, சுற்றவில்லை. விற்றவர் மோட்டார் போய்விட்டது என்று புதிய மோட்டாருக்கு விலை சொல்கிறார். (கல்லடி வாசகர்)

பதில்: மோட்டார் வாங்குவதற்கு முன் ஒரு சாதாரண வோல்ட் மீற்றரும் உதவிக்கு ஒருவரும் போதும். அந்த 'டக்' ஒரு நல்ல சேதி. பொத்தானும் அதன் வயரும் சொலினொயிட்டின் சுருளும் வேலை செய்கின்றன என்பதே அதன் பொருள்.

முதலில் மீற்றரைப் பற்றரியின் ஈய முனைகளிலேயே வையுங்கள், கிளிப்பில் அல்ல. பொத்தானை அழுத்தும்போது 12.6-இலிருந்து 8 அளவுக்கு விழுந்தால் பற்றரி தளர்ந்துவிட்டது. விழாமல் 12-க்கு மேல் நின்றால், இப்போது மீற்றரை மோட்டாரின் தடித்த இரு முனைகளுக்குக் கொண்டுபோய் மீண்டும் அழுத்தச் சொல்லுங்கள். அங்கே இரண்டு மூன்று வோல்ட் மட்டும் வந்தால் வழியில் எங்கோ, பெரும்பாலும் ஒரு முனையிலோ சொலினொயிட்டின் தொடுமுனையிலோ தடை இருக்கிறது. மீற்றரின் ஒரு காலைப் பற்றரியிலும் மறு காலை ஒவ்வோர் இணைப்பிலும் வைத்து நடந்துகொண்டே போனால் அந்த இடம் தானே காட்டிக்கொடுக்கும். மோட்டாருக்கு 11 வோல்ட்டுக்கு மேல் போய்ச் சேர்ந்தும் அது சுற்றவில்லையென்றால் மட்டுமே விற்றவர் சொன்னது சரி. அப்போதும் காபன் பிரஷ் ஒட்டிக்கொண்டிருப்பதாக இருக்கலாம், கழற்றிச் சுத்தம் செய்தாலே ஓடக்கூடும்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருக்கும் நமக்கு உப்புக்காற்று இருபுறமும். மாதம் ஒருமுறை கயிற்றை முழுக்க வெளியே எடுத்து, நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, வாகனத்தைச் சிறு சரிவில் தன்னைத்தானே இழுக்கவிட்டு இறுக்கமாகச் சுற்றுங்கள். அந்தச் சிறு சூடு மோட்டாருக்குள்ளிருக்கும் ஈரத்தையும் போக்கும். வெள்ளத்தில் மூழ்கிய விஞ்சை மட்டும் அப்படி ஓட்டிப் பார்க்காதீர்கள், முதலில் கழற்றித் தண்ணீரை வடியுங்கள்.

கேள்வி: இரும்புக் கயிறா, நூற்கயிறா? (சம்மாந்துறை வாசகர்)

பதில்: சேற்றுக்கும் மணலுக்கும் நூற்கயிறு என்பேன். பத்து கிலோகிராம் இரும்புக் கயிற்றின் இடத்தை இரண்டு மூன்று கிலோவில் நிரப்புகிறது, கையைக் கிழிக்காது, அறுந்தால் இரும்பைப்போல ஆளை வெட்டும் வேகத்தில் திரும்பாது. ஆனால் கொக்கியோ இணைப்பு வளையமான ஷெகலோ கழன்றால் அது பறக்கும், ஆகவே எந்தக் கயிறாயினும் நடுவில் நனைத்த சாக்கு ஒன்றைப் போட்டுவிட்டே இழுங்கள்.

நூற்கயிற்றுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, இழைகளுக்குள் புகும் மணல், அதைக் கழுவுங்கள். மற்றது சூடு. பெரும்பாலான விஞ்சுகளில் தடைப்பொறி உருளைக்குள்ளேயே இருக்கிறது. சுமையோடு கயிற்றை மோட்டாரால் வெளியே விடும்போது அது கொதிக்கும். 70 பாகை செல்சியசுக்கு மேல் நூற்கயிறு பலமிழக்கத் தொடங்கி, 150 பாகையளவில் உருகிவிடும். சரிவில் வாகனத்தை இறக்குவதற்கு அதைப் பாவிக்காதீர்கள். இரும்புக் கயிறு ஓடித் தழும்பான முன்வாய்ச் சிற்றுருளைகளையும் மாற்றி, மழமழப்பான அலுமினிய வாய் ஒன்றைப் பூட்டிக்கொள்ளுங்கள். உருளையில் இரும்புக் கயிறு ஐந்து சுற்றாவது, நூற்கயிறு பத்துச் சுற்றாவது எஞ்சியிருக்க வேண்டும். கயிற்றை உருளையோடு பிணைக்கும் சிறு ஆணி சுமையைத் தாங்காது, சுற்றுகளின் பிடிதான் தாங்குகிறது.

கேள்வி: வயலில் பெரிய மரம் இல்லாத இடத்தில் எதில் கட்டுவது? தென்னையில் கட்டலாமா? (கொக்கட்டிச்சோலை வாசகர்)

பதில்: தென்னையில் கட்டாதீர்கள். வேர் பரந்தாலும் ஆழமில்லை, மழையில் ஊறிய மண்ணில் தலைக்கனத்தோடு உங்கள் மேலேயே சாயும். குளக்கட்டு ஓரத்து மருத மரம் கிடைத்தால் அகலமான நைலோன் பட்டியால் அடிமரத்தில், தரைக்கு நெருங்கக் கட்டுங்கள், சங்கிலியோ கயிறோ நேரே சுற்றினால் பட்டை அறுந்து மரம் பட்டுப்போகும். மரமே இல்லையென்றால் மேலதிகச் சக்கரம்தான் நங்கூரம். சக்கரம் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு ஆழமாக, இழுவைக்குக் குறுக்காக ஒரு குழி வெட்டி, சக்கரத்தின் நடுத்துளையில் கனத்த கம்பி ஒன்றைக் குறுக்கே கொடுத்துப் பட்டியைக் கட்டி, பட்டி வெளியே வருவதற்குச் சரிவாக ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டு மண்ணை மூடி மிதியுங்கள். ஒரு மணிநேர மண்வெட்டி வேலை அது, ஆகவே மண்வெட்டியை வாகனத்திலிருந்து இறக்காதீர்கள். வரம்பிலே மட்டும் குழி வெட்ட வேண்டாம், வயல்வெளியை மேற்பார்க்கும் வட்டை விதானைக்குப் பதில் சொல்ல என்னால் முடியாது.